‘கோத்’ என்னும் சொல்: பொருள், வரலாறு, தமிழாக்கம்

கறுப்பு உடை, வெளிறப் பூசிய முகம், கண்ணைச் சுற்றி அழுத்தமாகத் தீட்டிய மை, வெள்ளி அணிகள், மரணத்தையும் தனிமையையும் பாடும் இசை ஆகியவற்றால் அறியப்படும் ஓர் உட்பண்பாட்டைச் சேர்ந்தவரை இன்று ‘கோத்’ என்கிறோம். 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருத்திரண்ட இந்தப் பண்பாட்டுக்கும், கி.பி. 410-இல் உரோம் நகரைக் கொள்ளையிட்ட செருமானிய இனத்துக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயலன்று. ஆனால், இரு சாராருக்கும் இடையே குருதித் தொடர்போ மரபுத் தொடர்ச்சியோ இல்லை. இழித்துரைக்க வழங்கிய பெயரைப் பின்வந்தவர்கள் விரும்பி எடுத்துக்கொண்டதாலேயே இச்சொல் இத்தனை நூற்றாண்டுகள் உயிரோடு இருக்கிறது.

மூல கோத் மக்கள் விசிகோத், ஆசுத்திரகோத் என இரு பெரும் பிரிவினராக வரலாற்றில் அறியப்படுகின்றனர். 378-இல் ஏட்ரியானோப்பிள் போரில் உரோமப் பேரரசர் வேலன்சு இவர்களிடம் தோற்று உயிரிழந்தார். 410-இல் அலாரிக்கின் தலைமையில் உரோம் வீழ்ந்தது. இந்த இரு நிகழ்ச்சிகளும் ‘கோத்’ என்றாலே நாகரிகத்தை அழித்தவன் என்னும் பொருளை ஐரோப்பிய மனத்தில் ஊன்றிவிட்டன. அது முழு உண்மையன்று. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்னும் ஆயர் கோத் மொழிக்கென எழுத்து வகுத்து விவிலியத்தை மொழிபெயர்த்தார். செருமானிய மொழிக் குடும்பத்தில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நெடிய உரைநடை அதுவே. ஊதாத் தோலில் வெள்ளி, பொன் மைகளால் எழுதப்பட்ட அதன் படி ஒன்று சுவீடனின் உப்சாலாவில் இருக்கிறது. இத்தாலியை ஆண்ட ஆசுத்திரகோத் மன்னர் தியோடரிக் உரோமக் கட்டடங்களைச் செப்பனிட்டவர். விசிகோத் அரசு 711-இல் எசுப்பானியாவில் முடிவுற்றபின் இனப்பெயர் என்ற அளவில் இச்சொல் பெரும்பாலும் வழக்கிழந்தது.

அதற்கு உயிர் கொடுத்தது ஒரு வசைதான். மறுமலர்ச்சிக் கால இத்தாலிய ஓவியரும் வரலாற்றாசிரியருமான வசாரி, 1550-இல் வெளியிட்ட கலைஞர் வரலாற்று நூலில், கூரிய வளைவுகளும் வானளாவிய கோபுரங்களும் கொண்ட இடைக்காலக் கட்டட முறையை உரோமக் கலையைச் சிதைத்த கோத்துகளின் வேலை என்று பழித்தார். உண்மையில் அம்முறை பாரிசுக்கு அருகிலுள்ள சான் தெனி மடாலயத்தில், சுழே என்னும் மடாதிபதியின் முயற்சியால், 1140-களில் தோன்றியது. அதாவது, விசிகோத் அரசு மறைந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின். ஆயினும் வசாரியின் வசையே பெயராக நிலைத்தது. சென்னை சாந்தோம் பேராலயத்தின் இன்றைய கட்டடம், 1896-இல் நிறைவுற்றது, ‘புது கோதிக்’ பாணியைச் சேர்ந்தது என்று நாம் எழுதும்போதும் அந்தத் தவறான பெயரையே வழங்குகிறோம்.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசையின் முள் மழுங்கியது. நாடாளுமன்ற உறுப்பினரான ஹொரேசு வால்போல் டிவிக்கனமில் தமது வீட்டையே இடைக்காலக் கோட்டையின் சாயலில் திருத்தி அமைத்தார். 1764-இல் ஒரு பேய்க்கோட்டைக் கதையைப் பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று பொய்யாகச் சொல்லி வெளியிட்டு, அது வரவேற்புப் பெற்றதும் அடுத்த ஆண்டின் இரண்டாம் பதிப்பில் தாமே ஆசிரியர் என்று ஒப்புக்கொண்டு அதைக் ‘கோதிக் கதை’ எனக் குறிப்பிட்டார். ‘இடைக்காலத்துக்குரிய’ என்னும் பொருளில் அவர் இட்ட அடைமொழி, அவரைப் பின்பற்றியவர்களின் கைகளில் அச்சம், சிதைவு, மறைபொருள், இறந்தோரின் ஆதிக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் இலக்கிய வகைப் பெயராயிற்று. ஆன் ராட்கிளிஃப், மேரி ஷெல்லி, 1897-இல் ‘டிராகுலா’வை எழுதிய பிராம் ஸ்டோக்கர் ஆகியோர் வழியாக அந்தப் பொருளே இன்றைய இளைஞரை வந்தடைந்தது.

இசையில் இச்சொல் நுழைந்ததும் பிறர் சூட்டிய பெயராகவேதான். 1970-களின் இறுதியில் பங்க் இசையின் ஆரவாரம் தணிந்தபோது, அதிலிருந்து பிரிந்த சில குழுக்கள் தாழ்ந்த குரலும் எதிரொலிக்கும் கித்தாரும் முன்னே ஒலிக்கும் பேஸ் கித்தாரும் கொண்ட இறுக்கமான இசையை உருவாக்கின. விமர்சகர்கள் அதைக் கோதிக் என்றனர். நார்த்தாம்ப்டனைச் சேர்ந்த பௌஹவுஸ் குழு, திரையில் டிராகுலாவாக நடித்த பெலா லுகோசியைப் பற்றி 1979-இல் வெளியிட்ட ஒன்பது நிமிடப் பாடலைத் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். 1982-இல் இலண்டனின் சோஹோவில் திறந்த பேட்கேவ் என்னும் இரவு விடுதி, இசையோடு உடையையும் ஒப்பனையையும் ஒரே இடத்தில் சேர்த்தது. வேடிக்கை என்னவெனில், இந்த வகையின் தூண்களாகக் கருதப்படும் பாடகி சூக்சி சூ, த கியூர் குழுவின் ராபர்ட் ஸ்மித், லீட்ஸைச் சேர்ந்த த சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழுவின் ஆண்ட்ரூ எல்ட்ரிட்ச் ஆகியோர் தம்மை கோத் என்று அழைப்பதை ஏற்கவில்லை. பெயரை ஏந்தியவர்கள் ரசிகர்களே.

அவர்களின் கறுப்புக்கும் கலை மூலங்கள் உண்டு. கணவர் ஆல்பர்ட் 1861-இல் இறந்தபின் தம் இறப்புவரை துக்க உடையை விடாத விக்டோரியா அரசியின் காலத்து வழக்கங்களும், நிழலும் கோணலுமாய் அமைந்த 1920-களின் செருமன் ஊமைப்படங்களும் அவற்றில் முதன்மையானவை. துக்க அணிகளுக்கு உகந்த கரிய ஜெட் கல்லுக்குப் புகழ்பெற்ற விட்பி கடற்கரை ஊரிலேயே ஸ்டோக்கரின் டிராகுலா கரையிறங்குகிறான். 1994 முதல் அவ்வூரில் கோத் விழா நடந்து வருகிறது. இப்பண்பாட்டுக்கெனத் தனிச் சமயமோ அரசியல் கொள்கையோ கிடையாது. ஆண்களும் முகப்பூச்சு அணிவதும், துயரத்தை மறைக்காமல் அழகாக்கிக் காட்டுவதும் அதன் பொதுக்கூறுகள். தோற்றத்தைக் கண்டு இவர்களை வன்முறையாளராக எண்ணுவது வழக்கம், நடந்ததோ வேறு. 2007-இல் லங்காஷயரில் கோத் தோற்றம் கொண்ட இளம்பெண் ஒருவர் அந்தத் தோற்றத்துக்காகவே தாக்கப்பட்டு உயிரிழந்தார். 2013-இல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை இத்தகைய தாக்குதல்களை வெறுப்புக் குற்றங்களாகப் பதியத் தொடங்கியது.

இனி, தமிழாக்கம். ‘இருண்மை’ என்னும் சொல்லைச் சிலர் பரிந்துரைக்கலாம். ஆனால், நம் திறனாய்வில் அது கவிதையின் பொருள் விளங்காமையைக் குறிக்க ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. ‘பேய்க்கதை’ இலக்கிய வகைக்கும் பொருந்தாது. ராட்கிளிஃபின் கதைகளில் பேயாகத் தோன்றுவது பெரும்பாலும் முடிவில் இயல்பான காரணத்தால் விளங்கிவிடும். காரைக்கால் அம்மையாரின் சுடுகாட்டையும் பரணியின் பேய்களையும் துணைக்கழைத்து ஒரு பெயர் படைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அவை வேறு நோக்கில் எழுந்தவை. இன்றைய செருமன் மொழியினரே கட்டடப் பாணியைக் ‘கோத்திக்’ என்றும், இந்த உட்பண்பாட்டின் வட்டத்தைக் ‘கறுப்புக் களம்’ என்னும் பொருள்படும் தனிச் சொல்லாலும் பிரித்து வழங்குகின்றனர்.

இனப்பெயரில் பிறந்த சொல்லாதலின் ஒலிபெயர்ப்பே பொருத்தம் என்பது என் துணிபு. கட்டடத்துக்கும் இலக்கியத்துக்கும் ‘கோதிக்’ எனவும், உட்பண்பாட்டுக்கும் அதன் இசைக்கும் உடைக்கும் ‘கோத்’ எனவும் எழுதலாம். தமிழ் முறைப்படி உகரம் சேர்த்துக் ‘கோத்து’ என்றால் மாலை கோத்தலோடு மயங்கும். பன்மையில் அந்த மயக்கம் இல்லையாதலால் ‘கோத்துகள்’ எனலாம். பலர்பாலாக்கிக் ‘கோத்தர்’ என எழுதுவதை மட்டும் தவிர்க்க வேண்டும்; அது நீலகிரியில் வாழும் பழங்குடியினரின் பெயர்.