சக்கரமா, ஸ்கிட்டா? மலைத்தரையில் ஹெலிகாப்டரின் கால்கள்

ஊட்டி, குன்னூர்ப் பக்கம் புல்தரையில் இறங்கிய ஹெலிகாப்டர் கிளம்பிப் போன பிறகு, தரையைப் பார்த்தே எந்த மாதிரி வந்தது என்று பாதி சொல்லிவிடலாம். மூன்று இடத்தில் குழி விழுந்திருந்தால் சக்கரம். புல் இரண்டு நீளக் கோடுகளாகப் படிந்திருந்தால் ஸ்கிட், அதாவது குழாய்க்கால். அந்தக் கோடுகளைக் குனிந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். புல் நேர்கீழாக அமுங்கியிருக்காது. இரண்டு பக்கமும் வெளிப்புறமாகச் சற்றே இழுபட்டுச் சாய்ந்திருக்கும்.

காரணம் எளிது. ரோட்டர், அதாவது தலைமேல் சுழலும் இறக்கைத் தொகுதி, தூக்கிப் பிடித்திருந்த எடை கொஞ்சம் கொஞ்சமாகக் கால்மேல் இறங்கும்போது, வயிற்றின் குறுக்கே வில்போல் வளைத்துப் பொருத்திய இரண்டு குறுக்குக் குழாய்கள் விரிகின்றன. கீழே உள்ள நீளக் குழாய்கள் வெளிப்பக்கம் நகர்கின்றன. ஸ்கிட் வண்டிக்கு ஷாக் அப்சார்பர் என்றால் பெரும்பாலும் அந்தக் குறுக்குக் குழாய்தான். பெரும்பாலும் உறுதியான அலுமினியக் கலவை. உடலோடு பட்டை போட்டுப் பிடித்திருக்கும். தரையில் உரசும் இடத்தில் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளத் தனியாக எஃகு லாடம். அவ்வளவுதான். எண்ணெய் இல்லை, காற்று இல்லை, பிரேக் இல்லை.

தரையில் மோதினால் அந்த ஆற்றலைக் குழாய் தன் வளைவில் வாங்கிக்கொள்ளும். அமெரிக்க விதியின் அடிப்படைச் சோதனை 13 அங்குல உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பது; அதாவது நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் தரையில் விழுவது. அதைத் தாங்கியாக வேண்டும். அதைவிட ஒன்றரை மடங்கு ஆற்றலில் விழுந்தால் கால் வளைந்தே போகலாம், ஆனால் மடிந்து நொறுங்கக் கூடாது. பலமாக இறங்கிய ஹெலிகாப்டரில் பொறியாளர் முதலில் டேப்பை எடுத்து இரண்டு ஸ்கிட்டுக்கும் நடுவே எவ்வளவு விரிந்திருக்கிறது என்று அளப்பது இதனால்தான். வரம்பைத் தாண்டியிருந்தால் குழாயை நிமிர்த்தும் பேச்சே இல்லை, மாற்ற வேண்டும்.

சக்கரத்துக்குப் பின்னால் இருப்பது வேறு சங்கதி. எண்ணெயும் நைட்ரஜனும் அடைத்த உருளை மோதலை வாங்கி, திரும்ப எகிறாமல் மெதுவாக விடும். வளைந்து கெடாது. பதிலுக்கு சீல் கசிகிறதா, டயரில் காற்று இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று எப்போதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

இரண்டையும் ஒப்பிட நம் நாட்டிலேயே அருமையான ஜோடி ஒன்று உண்டு: அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். தயாரித்த சேட்டக், சீட்டா ஹெலிகாப்டர்கள். பிரெஞ்சு வடிவமைப்பான இரண்டிலும் ஒரே வகை எஞ்சின், ஒரே வகை மூன்று இறக்கை ரோட்டர். சேட்டக்குக்கு மூன்று சக்கரம், சீட்டாவுக்கு ஸ்கிட். பனிமலை உச்சிகளுக்கு ஆளும் சரக்கும் ஏற்றிப் போக ராணுவம் நம்பியது சீட்டாவைத்தான். சக்கரத்தை எடுத்ததால் மட்டும் அந்தத் திறன் வந்துவிடவில்லை, உடலே இலேசானது. ஆனால் உயரத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு, எளிய குழாய்க்கால் அந்தக் கணக்குக்குத் தோது. அதே நிறுவனத்தின் ‘துருவ்’ ஹெலிகாப்டரில் இன்னும் தெளிவாகத் தெரியும்: ராணுவத்துக்கு ஸ்கிட், கப்பற்படைக்கு உள்ளே மடங்கும் சக்கரம். கப்பல் தளத்தில் வண்டியை உருட்டிக் கொட்டகைக்குள் தள்ள வேண்டுமே.

உயரம் என்றதும் நீலகிரிக் கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம். அதுவும் குளிர் நாளில். வெயில் ஏறி 20 டிகிரி ஆனால் 75 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இறக்கைகளுக்கு ஊட்டி 3,000 மீட்டரை நெருங்கிய இடம்போலத் தோன்றும். அசையாமல் ஒரே இடத்தில் மிதப்பதற்குத்தான் ஹெலிகாப்டருக்கு அதிக சக்தி தேவை. முன்னோக்கி மணிக்கு 30 முதல் 45 கிலோமீட்டர் வேகம் பிடித்தால் ரோட்டருக்குக் கலங்காத புதுக் காற்று கிடைத்து, அதே சக்தியில் கூடுதலாகத் தூக்கும். மிதக்கச் சக்தி போதாத பாரமான வண்டியும் சக்கரம் இருந்தால் ஓடுதளத்தில் உருண்டு வேகம் பிடித்து எழுந்துவிடலாம். சக்கரத்தின் பெரிய வரம் இதுதான். நகைமுரண் என்னவென்றால், இந்த வரம் மிகவும் தேவைப்படும் மலையில் உருண்டு ஓட இடம் கிடையாது. தீட்டுக்கல் ஹெலிபேடாகட்டும், வெலிங்டன் புல்வெளியாகட்டும், நின்ற இடத்திலிருந்தே எழ வேண்டியதுதான். அதனால் கீழே சூலூர் விமானத்தளத்திலிருந்து ஏறும்போதே மேலே எவ்வளவு எடையோடு இறங்கி ஏறலாம் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

அப்படியானால் 13 டன் வரை போகும் மி-17 ஏன் சக்கரத்தோடு வருகிறது? அந்த எடைக்குக் குழாய்க்கால் செய்தால் குழாய் தூண்போல் ஆகிவிடும், தரையில் வண்டியை நகர்த்தவும் முடியாது. 2021 டிசம்பரில் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில், ஜெனரல் பிபின் ராவத்தோடு விழுந்ததும் அதே மி-17 ரகம் என்பதால் பலர் அதையும் இதையும் முடிச்சுப் போடுவார்கள். விசாரணை சொன்னது, திடீரென மாறிய வானிலையில் மேகத்துக்குள் புகுந்து திசை உணர்வு தப்பியது என்று. காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மழை பெய்த செம்மண்ணில் கதை மாறும். டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறத்தாழ அதற்குள் அடைத்த காற்றின் அழுத்தமே. கார் டயரே சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல்; பெரிய ஹெலிகாப்டர் டயரில் இன்னும் அதிகம். 2,000 கிலோ ஸ்கிட் வண்டியின் ஒவ்வொரு குழாயும் 2 மீட்டர் நீளம், 7 சென்டிமீட்டர் அகலத்துக்குப் படிந்தால் அழுத்தம் 0.7 கிலோதான். அதனால் ஸ்கிட் எளிதில் புதையாது. ஆனால் புதைந்தால் ஆபத்து அதிகம்.

அந்த ஆபத்து நடப்பது தரையிலும் இல்லாத, வானிலும் இல்லாத திரிசங்கு நேரத்தில். எடையில் பெரும்பகுதியை ரோட்டர் வாங்கிவிட்டது, கால் இன்னும் மண்ணில். இடது ஸ்கிட்டின் குதிப்பகுதி சேற்றில் ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். விமானி, வண்டியை மேலே தூக்கும் கலெக்டிவ் நெம்புகோலை உயர்த்த, வலப்பக்கம் மட்டும் எழுகிறது. ஒட்டிய ஸ்கிட் கதவுக் கீல்போல் ஆகிறது. உடல் இடப்பக்கம் சாயச் சாய ரோட்டரின் இழுப்பும் அதே பக்கம் திரும்பி இன்னும் சாய்க்கிறது. ரோட்டரைச் சாய்க்கும் நடுக்கோலை எதிர்ப்பக்கம் முழுக்கத் தள்ளினாலும் ஓரளவுக்கு மேல் ரோட்டர் சாயாது. 5 முதல் 8 டிகிரி தாண்டினால் மீட்பது கடினம் என்றே பயிற்சியில் சொல்வார்கள். எஞ்சின் நின்றிருக்கும் வண்டியைச் சாய்த்தால் அதைப்போலப் பல மடங்கு சாய்ந்த பிறகே கவிழும். ரோட்டர் சுற்றும்போது ஓரிரு நொடியில் முடிந்துவிடும்.

இந்த நேரத்தில் ‘தூக்கிவிட்டால் தப்பிக்கலாம்’ என்று கை தானாக மேலே போகும். அதுதான் கவிழ்க்கும். செய்ய வேண்டியது கலெக்டிவை நிதானமாக இறக்குவது. படாரென்று இறக்கினால் மறுபக்கம் மோதி அந்தப் பக்கம் உருளும். வராமல் தடுக்க, எடை குறைந்து கால் இலேசாகும்போதே மூக்கைத் திருப்பும் பெடலைச் சிறிது இப்படி அப்படி அசைத்து, மண் இரண்டு பக்கமும் விட்டுவிட்டதா என்று பார்த்த பிறகே நேர்மேலாக எழ வேண்டும். சேறு மட்டுமல்ல, கான்கிரீட் தளத்தின் துருத்திய விளிம்பு, கட்டுக்கயிறு மாட்டும் வளையம், வடிகால் கம்பி எதுவும் இந்த வேலையைச் செய்யும்.

சரிவிலும் இதே நிலைதான். ஸ்கிட்களுக்கு நடுவே 2.2 மீட்டர் இடைவெளி என்றால், 8 டிகிரி சரிவில் ஒரு கால் மற்றதைவிட 30 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். தேயிலைத் தோட்டத்தில் கண்ணுக்குச் சமதளம்போல் தெரியும் துண்டு நிலத்தில்கூட அந்தச் சரிவு இருக்கலாம். மேட்டுப்பக்கக் கால் முதலில், பிறகு பள்ளத்துப் பக்கம், கடைசியாக எடை. சக்கரம் என்றால் அதற்கு முன்பே பிரேக் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உருளும்.

சக்கரத்துக்கென்று ஒரு வியாதி உண்டு: தரை அதிர்வுப் பெருக்கம். இறக்கைகள் கீலில் முன்பின் அசையக்கூடிய மூன்று இறக்கை ரோட்டரில், ஒரு பக்கச் சக்கரம் ‘தொப்’ என்று விழுந்தால் 120 டிகிரி இடைவெளி கலைந்து ரோட்டரின் எடை மையம் விலகும். அந்த ஆட்டத்தின் வேகமும் டயர்மேல் உடல் ஆடும் வேகமும் பொருந்திவிட்டால், சில நொடியில் ஹெலிகாப்டரே பிய்ந்துபோகும். டயரில் காற்றும் உருளையில் அழுத்தமும் சரியாக இருக்க வேண்டும் என்று கறாராக இருப்பது இதற்காகவே. ரோட்டர் வேகம் முழுதாக இருந்தால் உடனே தரையை விட்டு எழுவது, இல்லையென்றால் எஞ்சினை அணைத்து ரோட்டரை நிறுத்துவது, வேறு வழியில்லை. ஸ்கிட்டுக்கும் முழு விலக்கு இல்லை: எச்125 ரகத்தில் ஸ்கிட்டின் பின்முனையில் வளைந்த எஃகுப் பட்டையும், முன் குறுக்குக் குழாயில் ஹைட்ராலிக் தணிப்பானும் இதற்கென்றே உண்டு.

மூடுபனி இறங்கி ஸ்கிட் வண்டி ராத்தங்க நேர்ந்தால் நகர்த்துவது எப்படி? ஒவ்வொரு ஸ்கிட்டிலும் ஒரு சின்ன ஜோடிச் சக்கரத்தை மாட்டி, நெம்புகோலாலோ கை பம்பாலோ உயர்த்தி, ஒருவர் வாலைப் பிடித்துச் சமன் செய்ய மற்றவர்கள் தள்ள வேண்டும். ஈரப் புல்லில் அந்தச் சின்ன டயர் அங்கேயே அமுங்கும். பாதை நெடுக பிளைவுட் பலகை போட்டுக்கொண்டே போவார்கள், பின்னால் விட்டதை எடுத்து முன்னால் போட்டு.