“பிடிஓ போட்டாச்சா?”: ஈர்ப்புக்குப் பண்பாடு பெயர் வைக்கும் விதம்

தீபாவளியன்று சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக வீடு, அதாவது அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடு. முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே 24 வயது அண்ணன் மகளிடம் அத்தை கேட்கிறார்: “என்னம்மா, பிடிஓ போட்டாச்சா?” பிடிஓ என்பது புதிதாகக் கட்டப்படும் வீவக வீட்டுக்கு விண்ணப்பிப்பது. ஆனால் பையன் யாராவது இருக்கிறானா என்பதுதான் கேள்வியின் பொருள். மணம் முடிக்கப்போகும் ஜோடி 21 வயதிலேயே வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். மணமாகாதவர் தனியாக வாங்க 35 வயதாக வேண்டும். சொந்த பந்தமும் சட்டமும் வீட்டுச் சாவியும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன.

அந்தப் பெண்ணுக்கு யார்மீது ஈர்ப்பு வரும் என்பதை இந்தக் கேள்வி தீர்மானிப்பதில்லை. அந்த ஈர்ப்புக்கு அவள் என்ன பெயர் வைப்பாள், எந்த வயதில் வைப்பாள் என்பதில்தான் அதன் வேலை தெரியும். பாலியல் அடையாளத்தை ஆராய்பவர்கள் மூன்றைத் தனித்தனியே அளக்கிறார்கள்: மனத்தில் எழும் ஈர்ப்பு, உறவில் வெளிப்படும் நடத்தை, தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் அடையாளம். இவற்றைக் குழப்பினால் முடிவும் குழம்பும். சுமார் 4,70,000 பேரின் மரபணுத் தரவை அலசிய 2019ஆம் ஆண்டு ஆய்வு, ஒரே பாலினத்தவரோடு உறவு கொண்டதுண்டா என்று நடத்தையைத்தான் கேட்டது. தனியொரு மரபணு காரணமில்லை, பல மரபணுக்களுக்குச் சிறுசிறு பங்கு உண்டு என்று அது கண்டது. உறவே இல்லாமல் ஈர்ப்பை மட்டும் உணர்ந்தவர்கள் அந்தக் கேள்வியில் அகப்படவே இல்லை.

அமெரிக்க உளவியலாளர் லிசா டயமண்ட், பெண்கள்மீதும் ஈர்ப்பு கொண்ட 79 இளம்பெண்களை 10 ஆண்டுகள் பின்தொடர்ந்து ஐந்து முறை பேட்டி கண்டார். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் ஒருமுறையாவது தங்கள் அடையாளப் பெயரை மாற்றியிருந்தார்கள். ஈர்ப்பில் ஏற்பட்ட மாற்றமோ பெரும்பாலும் சிறிது. ‘இது வயசுக் கோளாறு, மாறிடும்’ என்று ஆறுதல் தேடும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். பெயர் மாறியதைப் பார்த்து மனமே மாறிவிட்டது என்று நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

பெயர் வைக்க ஏன் இத்தனை காலம்? காதல் இப்படித் தொடங்கும், இப்படி வளரும் என்ற கதைப்போக்கைச் சிறுவயது முதலே பண்பாடு கற்றுத் தருகிறது. கேக்னன், சைமன் என்ற இரு சமூகவியலாளர்கள் 1973இல் இதை விரிவாக விளக்கினார்கள். நம் வீடுகளில் பெண் பையனோடு பேசினால் உடனே கண்கள் திரும்பும். தோழி வந்து இரவு தங்கினால் யாரும் எதுவும் நினைப்பதில்லை. கட்டுப்பாடு குறைவுதான், ஆனால் தோழிமீது ஈர்ப்பு வந்தால் அந்த உணர்வுக்கென்று ஒரு கதையும் இல்லை. அதனால் ‘நெருங்கிய தோழி’ என்ற பெயரிலேயே ஆண்டுகள் ஓடிவிடும். ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய சிங்கப்பூரின் 377ஏ சட்டப் பிரிவும் 1938 முதல் 2023 ஜனவரியில் நீங்கும்வரை ஆண்களை மட்டுமே குறிப்பிட்டது. பெண்களைப் பற்றி அது பேசவே இல்லை.

மொழியும் இதில் சேர்கிறது. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு என்ற சொற்கள் தமிழில் உண்டு, ஆனால் சாப்பாட்டு மேசைக்கு அவை வருவதில்லை. துருக்கிய மொழியும் ஆங்கிலமும் பேசுவோரின் விரல்நுனியில் மின்முனை பொருத்தி 2003இல் ஓர் ஆய்வு நடந்தது. சிறுவயதில் கேட்ட அதட்டல்களைத் தாய்மொழியில் கேட்டபோது தோலின் மின்கடத்தல் கூடுதலாக எகிறியது; உணர்ச்சி கூடுவதன் அடையாளம் அது. தமிழிலேயே வளர்ந்த பெண் தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் சரளமாகப் பேசிவிட்டு அம்மாவிடம் வாயடைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தைரியக் குறைவு என்று மட்டும் அதைப் பார்க்கக் கூடாது.

நம்பிக்கையின் கதை இன்னும் நுட்பமானது. கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ, பக்தியும் ஈர்ப்பும் மோதும்போது சிலர் பக்தியை விடுகிறார்கள், சிலர் ஈர்ப்பை மறுக்கிறார்கள், சிலர் வெள்ளிக்கிழமைக்கு ஒரு முகம், சனிக்கிழமைக்கு ஒரு முகம் வைத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது வழி சுலபம்போலத் தெரியும், ஆனால் யாரிடம் என்ன சொன்னோம் என்று மனம் நாள் முழுதும் காவல் இருக்க வேண்டும். அந்த ஓயாத காவல் பதற்றத்தையும் மனச்சோர்வையும் கூட்டுகிறது. இரண்டையும் ஒரே வாழ்க்கையில் பொருத்திக்கொள்பவர்களும் உண்டு, அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஈர்ப்பையே மாற்ற முயலும் ‘சிகிச்சை’கள் பலன் தருவதில்லை, கேடுதான் செய்கின்றன. 1990இலேயே உலகச் சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

தேர்ந்த ஆலோசகர் ‘நீ யார்?’ என்று தொடங்கமாட்டார். யாரிடம் மனம் போகிறது, யாரோடு பழகுகிறாய், உன்னை என்னவென்று சொல்லிக்கொள்ள விரும்புகிறாய் என்று மூன்றாகக் கேட்பார். மூன்றாவதற்கு ‘இன்னும் தெரியவில்லை’ என்று பதில் வந்தால், அதையும் முழுப் பதிலாகவே ஏற்றுக்கொள்வார்.