மேல்முறையீடு (அப்பீல்)

பேச்சில் அப்பீல் என்கிறோம், தமிழில் மேல்முறையீடு. இலங்கையில் மேன்முறையீடு என்று எழுதுவார்கள். கீழ் நீதிமன்றத் தீர்ப்பில் தவறு இருக்கிறது, திருத்துங்கள் என்று மேல் நீதிமன்றத்திடம் கேட்பதுதான் அது. தீர்ப்பு சொன்ன நீதிமன்றத்தையே மறுபடி பார்க்கச் சொன்னால் அது மறுஆய்வு. அது வேறு.

அப்பீலின் வேர் லத்தீன். அப்பெல்லாரே என்றால் அழைத்தல், துணைக்குக் கூப்பிடுதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் கோர்ட்டுக்கு வந்தது. ஊர்ப் பெரியவர்கள் குற்றம் சாட்ட, கைதியாக நின்ற கிறித்தவப் போதகர் பவுல் ரோமப் பேரரசனிடம் முறையிட்ட இடத்தைத் தமிழ் விவிலியம் "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று தருகிறது. அழகான சொல்லாட்சி. ஆனாலும் எனக்கு முறையீடுதான் பிடிக்கும். அபயத்தில் அடைக்கலம் தேடும் குரல் இருக்கிறது. முறை என்றால் நீதி; யாரிடத்திலும் தாட்சண்யம் காட்டாமல் ஆராய்ந்து செய்வதே முறை என்கிறது குறள் (541). முறையிடுகிறவர் சலுகை கேட்கவில்லை, தமக்கு உரியதைக் கேட்கிறார்.

சரி, எளியவருக்கு அது கிடைக்கிறதா? அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்க் கேலன்டர் 1974-இல் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. வழக்காடுவோரை அவர் இரண்டாகப் பிரித்தார்: அடிக்கடி வருகிறவர், ஒரே தடவை வருகிறவர். அரசும் காப்பீட்டு நிறுவனமும் முதல் வகை. விபத்தில் அடிபட்டவர் இரண்டாம் வகை. தோற்கும்போலத் தெரிகிற வழக்கை நிறுவனம் பணம் கொடுத்துச் சமரசமாக முடித்துவிடும். ஜெயிக்கக்கூடியதை மட்டும் மேலே கொண்டுபோகும். அங்கே வருகிற தீர்ப்பு அடுத்தடுத்த வழக்குகளுக்கும் முன்மாதிரியாகிவிடும். அடிபட்டவருக்கு இருப்பது ஒரே வழக்கு. இழுத்தடித்தால் தாங்க மாட்டார்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. மேல்முறையீட்டில் பொதுவாகப் புதுச் சாட்சி கிடையாது. கீழே பதிவானதை வைத்துத்தான் பார்ப்பார்கள். குறுக்கு விசாரணையில் கேட்காமல் விட்ட கேள்வியை எவ்வளவு கெட்டிக்கார வக்கீலும் மேலே போய்க் கேட்க முடியாது. எளியவர் பெரும்பாலும் கீழேயே, நல்ல வக்கீல் இல்லாத அந்த முதல் விசாரணையிலேயே தோற்றுவிடுகிறார்.

கிளாரன்ஸ் கிடியனுக்கு நடந்ததும் அதுதான். 1961-இல் புளோரிடாவில் திருட்டு வழக்கு. வக்கீல் வைக்கக் காசில்லை. நீதிமன்றமே ஒருவரை அமர்த்தித் தரவேண்டும் என்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். தாமே வாதாடி 5 ஆண்டுத் தண்டனை வாங்கினார். சிறைக்குள்ளிருந்து பென்சிலால் எழுதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். 1963 மார்ச்சில் 9 நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றார்கள்: கடுங்குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தரவேண்டும். ஆனால் விடுதலை என்று சொல்லவில்லை. வழக்கு மறுவிசாரணைக்குக் கீழேதான் திரும்பியது. ஆகஸ்டில் நடந்த அந்த விசாரணையில், முக்கியச் சாட்சியை இந்த முறை ஒரு வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். சாதாரணக் குடிமக்கள் அடங்கிய ஜூரி கிடியனை விடுதலை செய்தது.