ரோவர் மேல பழி போடாதீங்க

ரெண்டு வருஷம் முன்னாடி மார்ச் மாசம், தூத்துக்குடி பக்கம் ஒரு உப்பளத்துல டிஜிபிஎஸ் சர்வே (சாட்டிலைட் சிக்னல வச்சு துல்லியமா நிலம் அளக்குறது), மணி ராத்திரி 7.15 இருக்கும், இன்னும் நாலு பாயின்ட்தான் பாக்கி முடிச்சுட்டு போயிரலாம்னு நின்னா ரோவர் (பாயின்ட் பாயின்ட்டா தூக்கிட்டுப் போய் அளக்குற ரிசீவர்) ஃபிக்ஸ்ல இருந்து ஃப்ளோட்டுக்கு போயிருச்சு, அதாவது துல்லியமா காட்டுறத விட்டுட்டு குத்துமதிப்பா காட்ட ஆரம்பிச்சிருச்சு. வானம் பளிச்சுனு இருக்கு, மரமோ கட்டடமோ ஒன்னும் இல்ல. "அண்ணே ஆன்டெனா போச்சுண்ணே"ன்னான் கூட வந்த தம்பி. நானும் நம்பி கேபிள், பேட்டரி எல்லாம் மாத்திப் பாத்தேன். 11 மணிக்கு அதுவா சரியாச்சு.

கோளாறு ரோவர்ல இல்ல, அதுக்கு 300 கிலோமீட்டர் மேல, அயனோஸ்பியர்ங்கிற மின்னேறிய காத்தடுக்குல. நம்ம நெல்லை, தூத்துக்குடி எல்லாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கு. இங்க பொழுது சாஞ்சதும் அந்த அடுக்கோட அடிப்பக்கம் சீக்கிரம் கரைஞ்சிரும், மேல உள்ளது கனமா நிக்கும், அடியில இருந்து காலிக் குமிழி மாதிரி கிளம்பி மேல ஏறும், 20,200 கி.மீ. உயரத்துல இருந்து வர்ற ஜிபிஎஸ் சிக்னல் அதுக்குள்ள பூந்து வரும்போது நட்சத்திரம் மாதிரி மினுக்கும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர்ல, அதுவும் சூரியப் புள்ளி அதிகமா இருக்குற வருஷத்துல, இது சகஜம். சூரியனால வர்ற காந்தப் புயலே வேணாம்.

புயலும் வந்தா இன்னும் கஷ்டம். சூரியக் காத்து சாதாரணமா செகண்டுக்கு 400 கி.மீ. வேகத்துல வந்துகிட்டே இருக்கு, பூமியோட காந்தப்புலம் சுமார் 60,000 கி.மீ. தள்ளியே அத ஒதுக்கி விட்டுருது. ஆனா அந்தக் காத்து சுமந்துட்டு வர்ற காந்தப்புலம் தெக்க பாத்து இருந்தா, வடக்க பாத்த நம்ம புலத்தோட பின்னிக்கிட்டு எனர்ஜி உள்ள எறங்க ஆரம்பிச்சிரும். துருவத்துல வண்ண வெளிச்சம், நமக்கு இங்க மின்புலம் மாறி குமிழி சில நாள் கிளம்பும், சில நாள் அமுங்கியும் போயிரும், அதான் தலைவலியே. 2024 மே 10 ராத்திரி புயல்ல லடாக் ஹான்லேல வானம் செவந்துச்சு, அமெரிக்காவுல விதைப்பு நேரத்துல ஜிபிஎஸ் வச்சு ஓட்டுற டிராக்டரு எல்லாம் தடுமாறிப் போச்சு.

"கதிர் வருது, போன ஆஃப் பண்ணுங்க"ன்னு வாட்ஸப்ல வர்றத விடுங்க, தரையில நம்மள ஒன்னும் பண்ணாது. சர்வே ஆளுங்க கேபி இன்டெக்ஸ் (பூமியோட காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்குன்னு 0-ல இருந்து 9 வரைக்கும் சொல்ற எண்) பாத்துட்டு கிளம்புங்க, 5 வந்தாலே புயல்தான். சூரியன் பக்கமா 15 லட்சம் கி.மீ. தள்ளி நிக்கிற ஆதித்யா எல்1 மாதிரி விண்கலத்த வேகமான காத்து தொட்டா, அது இங்க வந்து சேர நம்ம கையில ஒரு மணி நேரம்கூட இருக்காது. ஃப்ளோட்ல மட்டும் பாயின்ட் சேவ் பண்ணவே பண்ணாதீங்க.

அந்த நாலு பாயின்ட்டையும் மறுநாள் காலைல ஆறரைக்கு எடுத்தோம். முந்தின ராத்திரி தம்பி சும்மா சேவ் பண்ணி வச்சிருந்த ஒரு வேலிக் கல்லு, முக்கால் மீட்டர் தள்ளி பக்கத்து பாத்திக்குள்ள கிடந்துச்சு.