எக்செல் கேட்கும் கேள்வியை அடைப்பதற்கு முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட அலுவலகங்களுக்குச் சம்பளக் கணக்கு எக்செல் கோப்புகள் செய்து கொடுப்பது என் தொழில். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்த பிறகும் வேலையின் வரிசை பெரிதாக மாறவில்லை. விடியற்காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), மண்டோர் என்ற மேற்பார்வையாளரின் பாக்கெட் செக்ரோல் (வேலை நாள் குறிப்பேடு), கிராணி என்ற எழுத்தரின் மேசை, மாதம் முடிந்தால் சம்பளம். தடித்த செக்ரோல் புத்தகம் இருந்த இடத்தில் இப்போது கணினி இருக்கிறது, அவ்வளவுதான்.

கிராணிகள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "தம்பி, மூடும்போதெல்லாம் சேவ் பண்ணவா, சேவ் பண்ணவான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. அத நிறுத்திக் குடுங்களேன்."

நிறுத்துவது ஒரு வரி வேலை. மேக்ரோவில், அதாவது எக்செலுக்குள் எழுதும் சிறு நிரலில், எச்சரிக்கைகளைக் காட்டும் 'டிஸ்ப்ளே அலர்ட்ஸ்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் எக்செல் வாயைத் திறக்காது. நானும் ஒரு தோட்டத்துக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். பொத்தானை அழுத்தினால் போதும், மாதத்தின் பெயர் உள்ள கட்டத்தைப் பார்த்து அந்தப் பெயரிலேயே கோப்பு சேமிக்கப்படும். எந்தக் கேள்வியும் வராது. அங்கே கிராணியாக இருந்த அக்காவுக்கு ரொம்பச் சந்தோஷம்.

அந்த வருடம் செப்டம்பரில் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் தன் மே மாதச் சம்பளச் சீட்டோடு அலுவலகத்துக்கு வந்தார். சீட்டில் 23 நாள் வேலை. மே கோப்பைத் திறந்தால் 19 நாள். அக்கா என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். பெயர்தான் மே, உள்ளே இருந்தது முழுக்க ஜூன் கணக்கு. வேலைச் சட்டப்படி மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அந்த அவசரத்தில் ஜூன் கணக்கைப் போட்டவர், மாதக் கட்டத்தில் 'மே' என்றிருந்ததை மாற்ற மறந்துவிட்டார். முதல் தடவை சேமித்ததும் மே கோப்பின் மேலேயே ஜூன் ஏறி உட்கார்ந்துவிட்டது. பிறகு மாதத்தைத் திருத்தி இன்னொரு முறை சேமித்ததால் ஜூன் கோப்பும் சரியாக இருந்தது. அதனால் இரண்டு மாதத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

அக்கா மறந்ததைக் குறையாகச் சொல்ல மாட்டேன். அவரைத் தடுத்திருக்க வேண்டிய கேள்வியை அடைத்தவன் நான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்கள். அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால், 'அதன் மேல் எழுதவா?' என்று எக்செல் கேட்கும். அந்தப் பெட்டியில் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும் பதில் 'இல்லை'. கவனிக்காமல் என்டர் தட்டினாலும் பழைய கோப்பு பிழைத்துவிடும். டிஸ்ப்ளே அலர்ட்ஸை அடைத்துவிட்டாலோ எக்செல் நம் சார்பில் 'ஆமாம்' என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. கேள்வி நின்றுவிட்டது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பதிலும் தலைகீழாகிவிடுகிறது. இதே அடைப்போடு ஒரு கோப்பை மூடச் சொன்னால், சேமிக்காமலே மூடிவிடும். காலையிலிருந்து தட்டியது அத்தனையும் போச்சு. தாளை அழிக்கும்போது வரும் எச்சரிக்கையும் வராது.

மேக்ரோ முடிந்ததும் எக்செல் தானாகவே அலர்ட்ஸைத் திறந்துவிடும். ஆனால் வேறொரு நிரலிலிருந்து எக்செலை இயக்கினால் இந்தத் தயவு கிடைக்காது, நாம்தான் திறக்க வேண்டும். திறப்பது, மூடுவது போன்ற நிகழ்வுகளில் மேக்ரோ தானாக ஓடுவதற்கான 'எனேபிள் ஈவண்ட்ஸ்' என்பதை அடைத்தால், மேக்ரோ முடிந்தாலும் அது தானாகத் திறக்காது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் கிராணி கேட்டதற்கு என்ன செய்வது? முதலில் கேள்வி ஏன் வருகிறது என்று பாருங்கள். ஒன்றையும் தொடாமல் மூடினாலும் கேட்கிறது என்றால், அநேகமாகத் தலைப்பில் இன்றைய தேதியைக் காட்டும் 'டுடே' சூத்திரம் இருக்கும். அது திறக்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்கிடுவதால், கோப்பு மாறிவிட்டதென்று எக்செல் எடுத்துக்கொள்கிறது. 'ஆஃப்செட்', 'இன்டைரெக்ட்' சூத்திரங்களும் இப்படித்தான். தேதியைக் கன்ட்ரோலோடு அரைப்புள்ளி விசையை அழுத்திப் போட்டால் அது அப்படியே நிற்கும், வீண் கேள்வியும் போகும். வீண் கேள்வி லேசான விஷயம் இல்லை. தினமும் பத்துத் தடவை 'சேமிக்க வேண்டாம்' என்று தட்டிப் பழகிய விரல், உண்மையான நாளிலும் அதையேதான் தட்டும்.

அடுத்து, மூடும் வரியிலேயே பதிலை எழுதிவிடுங்கள். 'க்ளோஸ்' கட்டளையோடு 'சேவ் சேஞ்சஸ்' ட்ரூ என்றோ ஃபால்ஸ் என்றோ கொடுத்தால் அந்தக் கேள்வி வராது, பதிலும் நம்முடையதாக இருக்கும். விலைப்பட்டியல் மாதிரி வெறுமனே பார்த்துவிட்டு மூடுகிற கோப்புக்கு ஃபால்ஸ் போதும். செக்ரோல் கோப்புக்கு, மூடுவதற்குச் சற்று முன் ஓடும் 'பிஃபோர் க்ளோஸ்' நிகழ்வில் 'சேவ்ட்' என்பதை ட்ரூ ஆக்கும் வரியை மட்டும் வைத்துவிடாதீர்கள். அது 'எல்லாம் சேமித்தாயிற்று' என்று எக்செலிடம் பொய் சொல்கிற வரி. அங்கே 'சேவ்' கட்டளை போடுவதாக இருந்தால், கோப்பு 'ரீட் ஒன்லி'யாக (படிக்க மட்டும்) திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே கோப்பை இரண்டு மேசையில் திறக்கும் அலுவலகங்களில் இது அடிக்கடி நடக்கும்.

மாதக் கோப்புக்கு, சேமிப்பதற்கு முன் 'டிர்' கட்டளையால் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் நீங்களே கேளுங்கள். தமிழில் கேட்க நினைத்தால் ஒரு சிக்கல் வரும். மேக்ரோ எழுதும் விபிஏ எடிட்டரில் தமிழ் எழுத்து நிற்காது, மெசேஜ் பாக்ஸில் வெறும் கேள்விக்குறிகளாகத்தான் தெரியும். வாசகத்தை ஒரு கட்டத்தில் எழுதிவைத்து, யூசர்ஃபார்ம் என்ற, நாமே வடிவமைக்கும் பெட்டியின் லேபிளுக்கு அதை எடுத்துக் கொடுத்தால் தமிழ் ஒழுங்காக வரும்.

அந்த மே மாதக் கணக்கைச் சம்பளச் சீட்டுகளின் நகலையும் மண்டோர்களின் பாக்கெட் செக்ரோலையும் வைத்து நானும் அக்காவும் இரண்டு சனிக்கிழமைகளில் மறுபடி தட்டி முடித்தோம். சம்பளப் பதிவேட்டை ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். காகிதம் இல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்போமோ தெரியாது.

இப்போது அந்தப் பொத்தானை அழுத்தினால் பெட்டி ஒன்று வருகிறது: "மே மாதக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை அழித்துவிட்டு இதை வைக்கவா?" போன மாதம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அது வந்தது, வேறொரு மாதப் பெயரோடு. அக்கா கண்ணாடியைச் சரிசெய்து படித்தார். 'இல்லை'யை அழுத்திவிட்டு, மேலே போய் மாதத்தை மாற்றினார்.