சேர்வராயன் மலை கணினிக்குத் தெரிகிறதா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரையேறியதும் உள்ளே நகராமல் அங்கேயே மணிக்கணக்கில் நின்றது. அப்புறம் வலுவிழந்து மேற்கே வந்தது. டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர் மழை. சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலையில், ஏற்காடு செல்லும் பாதையில் மண் சரிந்தது.

கடலோரத்தில் புயல் என்றால் காற்றும் அலையும். சேலத்தில் மழைதான், அதுவும் மலையில் கொட்டும் மழை. அதை முன்கூட்டியே கணக்கிட உலகெங்கும் பயன்படும் திறமூல மென்பொருள் ஒன்று இருக்கிறது: டபிள்யூ.ஆர்.எஃப். அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையமான என்காரும் வேறு சில அரசு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கியது. பெரும்பகுதி ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்ட நிரல் முழுவதும் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் இருக்கிறது. யாரும் இறக்கிக்கொள்ளலாம், திருத்தலாம், காசு கிடையாது. அமெரிக்காவில் ஹரிக்கேன் எனப்படும் புயல்களைக் கணிக்க 2007-இல் பயன்பாட்டுக்கு வந்த எச்.டபிள்யூ.ஆர்.எஃப். இதிலிருந்து பிறந்ததுதான். புயல் நகர நகர, அதன் மையத்தோடு சேர்ந்தே நகரும் நுண்கட்டம், அதாவது சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்துக் கணக்கிடும் பகுதி, இந்த மென்பொருளின் சிறப்பு. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் வங்கக்கடல் புயல்களுக்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறது.

மென்பொருள் செய்வது இதுதான். வளிமண்டலத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டால், நியூட்டனின் இயக்க விதிகளையும் வெப்ப இயக்கவியலையும் வைத்து, சில நொடிகள் கழித்து அந்த எண்கள் எப்படி மாறும் என்று கணக்கிடும். அந்த விடையிலிருந்து அடுத்த சில நொடிகள். இப்படியே மூன்று நாள் வரைக்கும் போகலாம். தொடக்க எண்கள் செயற்கைக்கோள், பலூன், கப்பல், மிதவை ஆகியவற்றின் அளவீடுகளிலிருந்து வருகின்றன. அவற்றைத் தொகுத்த உலகளாவிய தரவை அமெரிக்க அரசு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை இலவசமாக வெளியிடுகிறது.

நமக்கு முக்கியமானது பெட்டியின் அளவு. ஒரு பெட்டி 27 கிலோமீட்டர் அகலம் என்றால் ஏற்காடும் சேலம் நகரமும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். பெட்டிக்கு ஓர் உயரம்தான் உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டையும் 300 மீட்டருக்கும் கீழே இருக்கும் சேலத்தையும் சராசரி போட்டால், கணினிக்குள் மலையே இல்லை, லேசான மேடுதான் இருக்கும். ஆனால் மழையைப் பெருக்குவது அந்த மலைதான். கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று சரிவில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. ஈரம் நீராகிக் கொட்டுகிறது. மேடு தாழ்ந்தால் இந்த ஏற்றம் குறையும், கணிப்பில் மழையும் குறையும்.

சரி, பெட்டியைச் சிறிதாக்கினால் போயிற்று என்று தோன்றும். ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குப் போகும் இடைவெளியைத் தாவல் என்போம். 9 கிலோமீட்டர் பெட்டிக்கு ஒரு தாவலுக்கு சுமார் 54 நொடி என்று வைப்பார்கள். 3 கிலோமீட்டருக்கு 18 நொடி. கிலோமீட்டரை ஆறால் பெருக்குவது இதில் வழக்கமான கணக்கு. தாவல் ரொம்ப நீண்டால் எண்கள் எகிறி, ஓட்டம் பாதியில் நின்றுவிடும். ஆக, பெட்டியின் அகலத்தை மூன்றில் ஒன்றாக்கினால் பெட்டிகள் ஒன்பது மடங்கு, தாவல்கள் மூன்று மடங்கு, மொத்த வேலை 27 மடங்கு. அதனால்தான் தென்னிந்தியா முழுவதற்கும் பெரிய பெட்டி, உள்ளே வடதமிழகத்துக்கு நடுத்தரம், சேர்வராயனுக்கு மட்டும் 3 கிலோமீட்டர் என்று கட்டத்துக்குள் கட்டமாக அமைக்கிறார்கள்.

எந்த மலைக்கு நுண்கட்டம் என்பதை முடிவு செய்வது ஒரு சாதாரண உரைக் கோப்பில் உள்ள சில வரிகள். திறந்த நிரலின் பெரிய பலன் இதுதான் என்பேன். எங்கோ இருக்கும் மையம் நம் மலைக்குத் தனிக்கட்டம் போடும் என்று காத்திருக்க வேண்டாம். சேலத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆய்வகமே போடலாம்.

கட்டம் நுண்மையானாலும் புயலின் பாதை 30 கிலோமீட்டர் தவறினால் மழை வேறு சரிவுக்குப் போய்விடும். எனவே தொடக்க எண்களைச் சற்றே மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டி, எத்தனை ஓட்டங்களில் கனமழை வருகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு மழைமானியோடு ஒப்பிட வேண்டும். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை: நம் மழையளவு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. மென்பொருளோ கிரீன்விச் நேரத்தில் ஓடும். அதன் கடிகாரத்தில் அது அதிகாலை 3 மணி. அந்த 3 மணியிலிருந்து மறுநாள் 3 மணி வரையான மழையைக் கூட்டித்தான் ஏற்காட்டு அளவோடு ஒப்பிட வேண்டும்.