நெய்யை நிறுத்தியும் இறங்காத கொலஸ்ட்ரால்

முப்பது வயது, ஒல்லி உடம்பு, சைவச் சாப்பாடு, சிகரெட் கிடையாது. ஆனால் எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் மட்டும் 230 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்). ரிப்போர்ட்டைப் பார்த்ததும் 'லேப்ல மாத்திட்டாங்க' என்பார்கள். இல்லையென்றால் நெய், தேங்காய் எல்லாவற்றையும் மூன்று மாதம் ஒதுக்கிவிட்டு மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் 205 இருக்கும்.

பத்தியத்தில் குறை இல்லை. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. அப்பா வழியிலோ அம்மா வழியிலோ பழுதான மரபணு ஒன்று வந்திருந்தால் அவற்றில் ஏறக்குறைய பாதி வேலை செய்யாது. பரம்பரை உயர் கொலஸ்ட்ரால் என்பார்கள் இதை. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இப்படி. ஐம்பது வயதில் கொலஸ்ட்ரால் ஏறியவருக்கும் இவருக்கும் அளவு ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் இவருடைய ரத்தக்குழாய்கள் பிறந்த நாளிலிருந்தே அதில் ஊறுகின்றன.

பெரியவர்களுக்கு எல்டிஎல் 190ஐத் தாண்டினால், குழந்தைக்கு 160ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். தைராய்டு குறைவும், சிறுநீரில் புரதம் போவதும் இதே அளவுக்கு ஏற்றிவிடும். முதலில் அவற்றைப் பார்த்துவிட வேண்டும். பிறகு குதிகாலுக்கு மேலே பின்பக்கம் இருக்கும் தடித்த தசைநாணை இரு விரலால் பிடித்து மேலும் கீழும் தடவிப் பாருங்கள். சீராக இல்லாமல் தடித்தோ, முண்டுமுண்டாகவோ தட்டுப்பட்டால் அது கொழுப்புப் படிவாக இருக்கலாம். 45 வயதுக்குள் கருவிழி ஓரத்தில் வெள்ளை வளையம் தெரிவதும் ஓர் அடையாளம்.

'அப்பாவுக்கும் அட்டாக் வந்துச்சு' என்றால் போதாது. எந்த வயதில் என்று தெரிய வேண்டும். ஆண்களுக்கு 55க்கு முன்னும் பெண்களுக்கு 65க்கு முன்னும் வந்திருந்தால்தான் கணக்கு. 'தூக்கத்துலயே போயிட்டார்' என்று சொல்லப்படும் 42 வயதுச் சித்தப்பாவை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சிகிச்சையில் அதிகம் பிசகுவது மாத்திரையின் அளவு. ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையான அட்டார்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமில் 230 என்பது 145 ஆகும். 'குறைஞ்சிடுச்சே' என்று அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நெஞ்சில் எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கும் 100க்குக் கீழே, முடிந்தால் 70க்குக் கீழே வர வேண்டும். 40 மில்லிகிராமில் ஏறக்குறைய பாதியாகி 115 வரும். அதற்கு மேல் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம்தான். குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் எசெட்டிமைப் 10 மில்லிகிராமைச் சேர்த்தால் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கி 92 ஆகும். மாத்திரையை விட்டால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். தசை வலித்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தசை பாதிப்பைக் காட்டும் சிகே ரத்தப் பரிசோதனை செய்து, அளவையோ மருந்தையோ மாற்றலாம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒருவருக்கு உறுதியானால் உடன்பிறந்தவர், பிள்ளை ஒவ்வொருவருக்கும் 50 சதவீத வாய்ப்பு உண்டு. பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்குள் ரத்தம் பார்க்க வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் இருவருக்குமே இந்த மரபணு இருந்துவிட்டால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு இரண்டு பழுதும் சேரும். எல்டிஎல் பெரும்பாலும் 400ஐத் தாண்டும், பதின்வயதிலேயே மாரடைப்பு வரலாம். பொருத்தம் பார்க்கும்போது இதை யாரும் கேட்பதில்லை.

எல்டிஎல் சரியாக இருந்தும் வீட்டில் இளவயது மாரடைப்பு இருந்தால் லிப்போபுரோட்டீன்-ஏ எனும், பரம்பரையாக வரும் இன்னொரு வகைக் கொழுப்புத் துகளின் அளவைப் பார்க்கலாம். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆபத்து கூடும். ஸ்டாட்டின் இதைக் குறைக்காது. அதனால் எல்டிஎல், பிரஷர், சுகர் மூன்றையும் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஆயுளில் பெரிதாக மாறாத அளவு இது. ஒரு முறை பார்த்தால் போதும். வருஷாவருஷம் பேக்கேஜில் சேர்த்துக் காசு கட்ட வேண்டியதில்லை.